பிராப் லீவரை முதல்முறை இழுக்கும்போது மந்தமா இருந்தா

பறக்கும் முன்னாடி எஞ்சினைச் சோதிக்கிற காலை ரன்-அப்பில், விமான விசிறியோட சுழல்வேகத்தை மாத்துற பிராப் லீவரை முதல்முறை இழுத்தா ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) மெதுவா இறங்குதுன்னா, அந்த வேகத்தை எண்ணெய் அழுத்தத்தால கட்டுப்படுத்துற கவர்னர் கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க அண்ணாச்சி. பிளேடுகள் பொருந்துற நடுப்பகுதியான ஹப்புக்குள்ள ராத்திரி முழுக்க ஆறிக் கெட்டியான எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். மார்கழியில நம்ம தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துலயும் நடக்கும்.

ஒற்றை எஞ்சின் விமானத்துல கவர்னர் பம்ப் எஞ்சின் எண்ணெயோட அழுத்தத்தை ஏறக்குறைய 300 பிஎஸ்ஐ வரை ஏத்தி ஹப்புல உள்ள பிஸ்டனைத் தள்ளும். பிளேடு கோணம் கூடி ஆர்பிஎம் குறையும்.

எண்ணெய் வெப்பமுள் பச்சைக்கு வந்தபிறகு, கையேட்டுல உள்ள ஆர்பிஎம்ல 3 தடவை இழுத்து விடுங்க. தடவைக்குத் தடவை ஆர்பிஎம் இறங்குற வேகம் கூடணும். மூணாவதும் மந்தம்னா கவர்னர் கேஸ்கட்டுல எண்ணெயை வடிகட்டுற சல்லடையில கசடு அடைச்சிருக்கலாம். உரிமம் உள்ள பொறியாளர்தான் திறக்கணும், நீங்க கை வைக்காதீங்க.

இரட்டை எஞ்சின்னா பெரும்பாலும் தலைகீழ்: எண்ணெய் கோணத்தைக் குறைக்கும். அழுத்தம் போனா பிளேடு, நிறுத்தின கயத்தாறு காற்றாலை மாதிரி காத்துக்கு விளிம்பைக் காட்டும்.