பிவட் பேரிங்: வந்த கேள்விகள், என் பதில்கள்

என் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் பேரிங் போய்விட்டது. எவ்வளவு செலவாகும்? (லாஸ்பேட்டை)

எந்த பேரிங், தம்பி? பின்சக்கரம் ஏறி இறங்க ஃபிரேமில் இருக்கும் அசையும் மூட்டுதான் பிவட்; அதில் மட்டும் எட்டுப் பத்து இருக்கும், அதுவும் இரண்டு மூன்று அளவில். பேரிங்கை மூடியிருக்கும் சீலை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். 6902, 6802, 6900 என்று ஏதாவது பொறித்திருக்கும். எண்ணோடு எழுதுங்கள், அப்புறம் விலை பேசலாம்.

பின்சக்கரம் லேசாக ஆடுகிறது. ஹப்பா, பிவட்டா? (நெல்லிக்குப்பம்)

சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது பிவட் இணைப்பின் மேல் விரலை வையுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் அதன் நடு உருளையான ஹப். விரலுக்கு அடியில் நெளிந்தால் பிவட். சீட்டைப் பிடித்துத் தூக்கும்போது மட்டும் 'டக்' என்றால், முதலில் ஷாக் அப்சார்பரின் இரு முனைப் புஷ்ஷைப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஷாக்கைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கையால் ஏற்றி இறக்குங்கள். சொரசொரத்தாலோ, நடுவில் சிக்கினாலோ பேரிங்தான்.

மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை, மறுபடி கறகற. இத்தனைக்கும் வாராவாரம் வாட்டர் சர்வீஸ் விடுகிறேன். கடைக்காரர் போலி பேரிங் கொடுத்துவிட்டாரா? (முத்தியால்பேட்டை)

'இத்தனைக்கும்' இல்லை, அதனால்தான்! எத்தனை முறை எழுதுவது? ரப்பர் சீல் தூசியைத் தடுக்கும், மழைச் சாரலைத் தடுக்கும். பிரஷரில் பீச்சும் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழியில்லை. ஹப் பேரிங்காவது முழுச்சுற்று சுற்றும். பிவட் சில டிகிரிதான் அசையும். குண்டுகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், துரு அந்த இடத்தையே அரிக்கும்.

நானும் பட்டவன்தான். பொம்மையார்பாளையம் செம்மண்ணில் ஓட்டிவிட்டு வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். பையன் பொறுப்பானவன், பிவட்டில் அப்பியிருந்த மண்ணையே குறிபார்த்து அடித்தான். இரண்டு மாதம் கழித்து ஊசியால் சீலை நெம்பினால், கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் டீ நிறத்தில் தண்ணீர். நம் ஊரில் உப்புக்காற்று வேறு. ஒரு வாளித் தண்ணீர், ஸ்பாஞ்ச், காய்ந்த துணி போதும்.

பழையதைத் தட்டித்தான் எடுத்தேன். புதியதையும் தட்டி இறக்கலாமா? (அரியாங்குப்பம்)

கூடாது. பழையது செத்தது, அடி தாங்கினால் என்ன, தாங்காவிட்டால் என்ன? புதியதில் அழுத்தம் வெளிவளையத்தில் மட்டுமே விழவேண்டும். உள்வளையத்தில் அடித்தால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும். நீளமான போல்ட், நட், தடித்த வாஷர், வாஷருக்கும் புதியதற்கும் நடுவே பழைய பேரிங். இவற்றை வைத்து மெல்ல இறுக்குங்கள். கோணலாக இறங்கினால் உடனே நிறுத்தி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் 6902 போடலாமா? (கடலூர் முதுநகர்)

இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் என்றால் போடலாம். தகரமூடி போட்ட இசட்இசட் வேண்டாம். குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூண்டில்லாமல், குண்டுகளை நிறைத்த மேக்ஸ் வகை கிடைத்தால் பிவட்டுக்கு அதுதான் உத்தமம். அதை ஹப்பில் போட்டுவிடாதீர்கள்.

ஸ்ப்ரே ஆயில் அடித்தால் சத்தம் நிற்கிறதே? (தேவனாம்பட்டினம்)

நிற்கும், கொஞ்ச நாளைக்கு. இருக்கிற கிரீஸும் கரைந்து போகும்.

பிவட் போல்ட் எவ்வளவு இறுக்கம்? (திருப்பாப்புலியூர்)

பெரும்பாலும் போல்ட் தலையிலேயே நியூட்டன் மீட்டர் எண் இருக்கும். போல்ட் கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட், நீலம், ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம்.

பேரிங் இறங்க கார்பன் ஃபிரேமில் ஹீட் கன் காட்டலாமா? (கோட்டக்குப்பம்)

வேண்டவே வேண்டாம். பேரிங்கைக் கவரில் சுற்றி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள், கொஞ்சம் சுருங்கும். வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.