ஒரு யூரோ வீடு, துபாய் பிளாட், ஹட்டன் நிலம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கடல் தாண்டி வீடு வாங்குவது பற்றித்தான். பெரும்பாலும் விலையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் விலைக்கு முன்னால் இரண்டு விஷயம் பார்ப்பேன்: அந்த நாடு நம் பேரில் பத்திரம் போட விடுமா, வாங்கிய பிறகு வருஷாவருஷம் என்ன செலவு, என்ன கணக்கு.

தினமும் ராத்திரி படுத்துக்கொண்டே இத்தாலியின் ஒரு யூரோ வீடுகளை யூடியூபில் பார்க்கிறேன். நிஜமாகவே கிடைக்குமா அண்ணாச்சி? (தென்காசி)

கிடைக்கும். சிசிலித் தீவில் முசோமெலி, சம்புகா போன்ற ஊர்கள் அப்படி விற்றிருக்கின்றன. இளவட்டமெல்லாம் பிழைப்புக்கு வெளியே போய், வீடுகள் பூட்டிக் கிடந்து ஊரே காலியாகிறது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பம்பாய்க்குப் போனவர்கள் விட்டுப்போன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் ஒரு யூரோ என்பது ஆரம்பம்தான். பொதுவாக மூன்று வருஷத்துக்குள் வீட்டைச் சீர்செய்து முடிப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பல ஊர்களில் 5,000 யூரோ அளவுக்கு டெபாசிட் கட்ட வேண்டும், முடிக்காவிட்டால் அது போச்சு. கூரை இறங்கிய வீட்டைத் தென்காசியில் இருந்தபடி, மொழி தெரியாத கொத்தனாரை வைத்து எழுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வீடு வாங்கியதாலேயே அங்கே குடியிருக்கும் உரிமையும் வந்துவிடாது. பார்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். என் பேரில் அங்கே பிளாட் வாங்கலாமா? (பாளையங்கோட்டை)

தனியார் அடுக்குமாடி வாங்க விடுவார்கள், ஆனால் வேண்டாம். 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத்தீர்வை மட்டும் 60 சதவீதம். 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) பிளாட்டுக்கு 6 லட்சம் வெள்ளி அரசுக்குப் போகும், வழக்கமான தீர்வை தனி. மகனுக்கு நிரந்தரவாசம் கிடைத்துவிட்டால், அவன் பேரில் வாங்கும் முதல் வீட்டுக்கு இதுவே 5 சதவீதம்தான். அதுவரை பொறுங்கள்.

நிலத்தை விற்ற பணம் 50 லட்சம் இருக்கிறது. சென்னையில் ஒரு ஓட்டல் கண்காட்சியில் துபாய் பிளாட் பார்த்தேன். "ரூபாயாக இங்கேயே கொடுங்கள், அங்கே திர்ஹாமாகக் கட்டிவிடுகிறோம்" என்கிறார் ஏஜென்ட். (வள்ளியூர்)

கொடுக்கவே கொடுக்காதீர்கள். வங்கிக்குத் தெரியாமல் நாடு விட்டு நாடு பணம் மாற்றும் அதற்குப் பெயர் ஹவாலா, சட்டவிரோதம். பிளாட்டும் போய் வழக்கும் வரும்.

நேர்வழி இருக்கிறது. தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வங்கி மூலமாகவே அனுப்பலாம். பான் கார்டும், எதற்காக அனுப்புகிறோம் என்று வங்கியில் எழுதிக் கொடுக்கும் ஏ2 படிவமும் வேண்டும். ஆனால் வீடு வாங்க அனுப்பும்போது 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். 50 லட்சம் அனுப்பினால் 40 லட்சத்துக்கு 8 லட்சம், ஆகக் கையில் 58 லட்சம் இருக்க வேண்டும். உங்களிடம் உள்ள 50 லட்சத்தில் உண்மையில் போய்ச் சேருவது 43 லட்சத்துச் சொச்சம்தான். பிடித்ததை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்ப வரும், ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். இந்த மாதிரி அனுப்புவதற்கு நம்மூர் வங்கியில் கடனும் கிடையாது.

அப்புறம் துபாய் நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், வருஷாவருஷம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணம். கட்டி முடிக்காத பிளாட் என்றால் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்குக்குத்தான் (கட்டுபவர் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத தனிக் கணக்கு) போக வேண்டும், 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் ஒரு சென்ட் வாங்குவீர்களா? அதே கவனத்தோடு அந்தத் திட்டம் நிலத்துறையில் பதிவாகியிருக்கிறதா, வெளிநாட்டவர் சொந்தமாக வாங்கக்கூடிய பகுதியா என்று பாருங்கள்.

இன்னொன்று. நிலம் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டென்றால், வீடு வாங்கி அதைக் குறைக்கும் சலுகை இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டும்தான். முன்பணம் கொடுக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

துபாயில் வேலை பார்த்தபோது அங்கே வாங்கிய பிளாட் இருக்கிறது. ஊருக்கே திரும்பிவிட்டேன். விற்றே ஆக வேண்டும் என்கிறார்களே? (மேலப்பாளையம்)

வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தைத் திரும்பி வந்த பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பிரிவு 6(4) இடம் கொடுக்கிறது, வாடகைக்கும் விடலாம். ஆனால் வரிச் சட்டப்படி நீங்கள் முழுமையாக இந்தியாவில் வசிப்பவர் என்று ஆகிவிட்ட ஆண்டிலிருந்து அந்த வாடகைக்கு இங்கே வரி உண்டு. வாடகையே வராவிட்டாலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் பிளாட்டைக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் 2015-ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும். நல்ல உழைப்பில் வாங்கிய சொத்து, ஒரு படிவத்தை விட்டதற்காக இந்தத் தொல்லை உங்களுக்கு வேண்டாம்.

தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே பத்து சென்ட் நிலமாவது வாங்க ஆசை. (அம்பாசமுத்திரம்)

இந்த ஆசையைப் படித்ததும் மனசு என்னவோ செய்தது. ஆனால் இலங்கையின் 2014-ஆம் ஆண்டு 38-ஆம் எண் சட்டப்படி வெளிநாட்டவர் பேருக்கு நிலம் எழுத முடியாது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வர வேண்டும். நிலம்தான் வேண்டும் என்றால் 99 வருஷம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். உள்ளூர் ஆள் ஒருவர் பேரில் வாங்கிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், நாளைக்கு அவர் இல்லை என்றால் உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. குத்தகை என்றால் முன்பணத்துக்கு முன்பே அங்குள்ள வக்கீல் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.