மூச்சைக் கவனித்தால் தூக்கம் வருமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 27. ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு. வீட்டில் யாருக்கும் தெரியாது, ராத்திரி தூக்கமே இல்லை. மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது மூச்சையும் எண்ணங்களையும் அப்படியே கவனிக்கும் பயிற்சி, உதவுமா?

பதில்: உதவலாம் தம்பி, ஆனால் எதற்கு என்பதில் தெளிவாக இருங்கள். உங்கள் ஈர்ப்பு நோயல்ல, உலக சுகாதார நிறுவனமே 1990-ல் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, அதனால் 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். வாட்டுவது ஒளித்து வாழும் பதற்றமும் 'நான் தப்பானவன்' என்று உள்ளே ஓடும் குரலும்தான். 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்ற பேராசிரியர் அமெரிக்காவில் தொடங்கிய 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில், அந்தக் குரலோடு சண்டை போடாமல், மூச்சைக் கவனித்தபடி, அது வெறும் எண்ணம் என்று பார்க்கப் பழகுகிறார்கள். முதலில் தினம் பத்து நிமிடம் உட்காருங்கள். கண்ணை மூடினால் பயம் கூடுகிறதா, சரி, திறந்தே வைத்திருங்கள். சாக வேண்டும் என்று தோன்றினால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் சொல்வது அப்புறம், உங்களுக்குத் தோன்றும்போது.