கோடு போட்ட குல்லாவுக்கு எத்தனை மீட்டர் நூல்?

ஐப்பசி மழை விட்டு மார்கழி நெருங்கும்போது குல்லாவைப் பற்றிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை நான்கு கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகன் சண்டிகரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். குளிருக்கு முன்னால் கோடு போட்ட குல்லா ஒன்று பின்னி அனுப்பச் சொல்கிறான். குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) வாசல் தோரணமும் மேசை விரிப்பும் போட்டிருக்கிறேன், குல்லா போட்டதில்லை. பேன்ஸி ஸ்டோரில் "மூணு உருண்டை போதும்மா" என்று மூன்று நிறத்தில் உல்லன் நூல் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் 25 கிராம். போதுமா? இல்லை, கடையில் விற்கும் குல்லாவையே வாங்கி அனுப்புவது லாபமா? (மன்னார்குடி வாசகி)

பதில்: போதுமா என்பதற்குக் கிராமில் விடை கிடைக்காது. மீட்டரில்தான் கிடைக்கும். அந்த உருண்டைகளைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கிழித்துப் போடாமல் எடுத்து வையுங்கள், அதில் நிறைய விஷயம் இருக்கிறது.

பெரியவர் தலைக்கு ஒரு சாதாரண குல்லா பின்ன, நடுத்தரத் தடிமன் நூலில் 110 முதல் 140 மீட்டர் வரை ஆகும். கீழ் விளிம்பை மடித்துவிடும் மாதிரி என்றால் 170 மீட்டர் வரை போகும். நடுத்தரத் தடிமன் என்று நான் சொல்வது 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் ஓடும் நூலை. லேபிளில் சின்ன நூல்கண்டுப் படத்துக்குள் 4 என்று போட்டிருந்தால் அதுதான். உங்களிடம் இருப்பது அந்த நூல் என்றால் மூன்று உருண்டையும் சேர்ந்து 150 மீட்டர். மடிப்பில்லாத குல்லாவுக்குச் சரியாக இருக்கும், மடிப்பு வைத்தால் கடைசி இரண்டு சுற்றில் தவிப்பீர்கள்.

ஆனால் நம் ஊர்க் கடைகளில் தோரணத்துக்கும் குழந்தை ஸ்வெட்டருக்கும் விற்கும் நூல் பெரும்பாலும் இதைவிட மெல்லியது. மெல்லிய நூல் 25 கிராமில் அதிக மீட்டர் ஓடும், அதனால் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். அதே தடிமன் வேண்டி இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னினால் நீளம் பாதியாகிவிடும். "4 பிளை" என்று எழுதியிருப்பதைத் தடிமன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் நான்கு இழை முறுக்கியது என்றுதான் அதற்குப் பொருள். நாலும் மெல்லிய இழை என்றால் நூலும் மெல்லியதுதான்.

லேபிளில் மீட்டர் போடவில்லையா? 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பின்னி, அகலத்தில் எத்தனை கண் (ஒரு பின்னல் ஒரு கண்) வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிரித்து, நூலை அளந்து பாருங்கள். ஒரு குல்லா ஏறக்குறைய ஒன்பது சதுரம். பத்தால் பெருக்கி, நிறம் மாற்றும் நுனிகளுக்குக் கால் பங்கு கூட்டிக்கொண்டால் கணக்கு கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அரை மணி நேர வேலை, ஆனால் பாதியில் நூல் தீர்ந்து கடைக்கு ஓட வேண்டியிருக்காது.

அப்படி ஓடுவதில் பஸ் காசு மட்டும் பிரச்சினை இல்லை. லேபிளில் லாட் நம்பர் என்று ஒன்று இருக்கும், ஒரே சாயத் தொட்டியில் நனைந்த நூலுக்கு ஒரே எண். அதே கம்பெனி, அதே நிற எண், லாட் மட்டும் வேறு என்றால் நிறம் ஒரு சாயல் தள்ளிப்போகலாம். பாவில் ஓர் இழை சாயம் மாறினால் புடவை முழுக்கத் தெரியும் என்று திருபுவனத்திலும் கூறைநாட்டிலும் தறியில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உல்லனிலும் அதே கதைதான். எனக்கே இது நடந்தது. கருநீலம் தீர்ந்துபோய் மறுபடி வாங்கினேன். கடை வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுத் திண்ணையில் வெயிலில் பார்த்தபோது குல்லாவின் கீழ்ப்பாதி வேறு குல்லாவாக இருந்தது. முழுவதும் பிரித்தேன். அன்றிலிருந்து லாட் நம்பரைப் பார்க்காமல் நூல் வாங்குவதில்லை.

இனி அளவு. மகனிடம் புருவத்துக்கு மேலே, காதுக்குச் சற்று மேலாக ஒரு கயிற்றைச் சுற்றி அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 55 முதல் 58 சென்டிமீட்டர் வரும், பதின்ம வயதில் 53 முதல் 56 வரும். குல்லா அதைவிட 3, 4 சென்டிமீட்டர் குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 56 தலைக்கு 52 என்று வையுங்கள். 52ஐ 3.14ஆல் வகுத்தால் 16.5. உச்சியில் நீங்கள் போடும் வட்டத்தின் குறுக்களவு அவ்வளவு வந்ததும் கண் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

மேசை விரிப்பு போட்ட கைக்குப் பின்னல் கஷ்டமில்லை. அமெரிக்க முறையில் ஹாஃப் டபுள் என்று சொல்லும் நடுத்தர உயரக் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் 10 கண், ஒவ்வொரு சுற்றிலும் 10 கூட்டி, ஏழாவது சுற்றில் 70. அறுபதிலேயே 16.5 வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், உங்கள் கை சற்றுத் தளர்வு என்று அர்த்தம். அதன் பிறகு கூட்டாமல் நேராக, உச்சியிலிருந்து விளிம்பு வரை 21 சென்டிமீட்டர் வரும்வரை. கடைசி இரண்டு சுற்றைச் சிங்கிள் குரோஷா என்ற குட்டைக் கண்ணில் போட்டால் விளிம்பு தொங்காது.

கோடுகளுக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறம் மாற்றுங்கள். முந்தைய கண்ணின் கடைசி இழுப்பிலேயே புதிய நிறத்தை இழுத்துவிட வேண்டும், கண்ணை முடித்துவிட்டு மாற்றினால் எல்லையில் பழைய நிறம் புள்ளியாக நிற்கும். நூலை ஒவ்வொரு முறையும் வெட்ட வேண்டாம், உள்பக்கமாகத் தளர்வாக மேலேற்றிக்கொண்டே போகலாம். இறுக்கி இழுத்தால் அந்த இடம் சுருங்கும். சிவப்பையோ கருநீலத்தையோ வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால், முதலில் ஒரு நனைத்த வெள்ளைத் துணியில் அந்த நூலைச் சுற்றி அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் விடுதியில் முதல் துவைப்பிலேயே வெள்ளைக் கோடு ரோஸாகும்.

ஊசி விஷயத்தில் கவனம். தோரணத்துக்கும் லேஸுக்கும் நீங்கள் வைத்திருக்கும் மெல்லிய எஃகு ஊசி இதற்கு ஆகாது. 5 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி கேளுங்கள். கடைக்காரர் நம்பர் சொன்னால் ஏற்காதீர்கள், ஒவ்வொரு நாட்டு நம்பரும் வேறு. எஃகு ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெல்லியதாகும். மில்லிமீட்டர் ஒன்றுதான் எங்கும் மாறாதது.

லாபமா என்று கேட்டீர்கள். உழைப்புக்குக் கூலி போட்டால் இல்லை. கடைக் குல்லா மலிவு. அதில் அளவு பெரும்பாலும் எல்லாத் தலைக்கும் ஒன்று. உங்கள் மகனின் தலைக்கு என்றே ஒன்று வேண்டுமானால் பின்னுங்கள். சண்டிகரில் ஜனவரியில் இரவு 5, 6 டிகிரிக்கு இறங்கும், ஹாஃப் டபுளில் கண்களுக்கு நடுவே காற்று புகும். அதனால் 5க்குப் பதில் 4.5 ஊசியில் சற்று இறுக்கமாகப் போட்டு, கண்களை அதற்கேற்ப ஒரு சில கூட்டிக்கொள்வது நல்லது. விடுதி மாணவனுக்கு அக்ரிலிக் என்ற செயற்கை இழை நூலே போதும், பக்கெட்டில் துவைத்தாலும் சுருங்காது. இஸ்திரி மட்டும் வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: "100 சதவீத சுத்தக் கம்பளி" என்று போட்டிருந்ததால் ஆன்லைனில் கூடுதல் விலை கொடுத்து நான்கு நிறம் வாங்கினேன். தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்குகிறது. திருப்பி எடுக்கச் சொன்னால், "உருண்டையைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். (கும்பகோணம் வாசகி)

பதில்: முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய சில்வர் தட்டில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு விரல் நீள நூலை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், கரும்புகை வரும், ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம்போல் எரியும். கலப்பு நூலில் இரண்டு குணமும் தெரியும்.

உருகினால் சட்டம் உங்கள் பக்கம். 2020ஆம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. பிரித்துப் பார்க்காமல் அது கம்பளியா என்று யாரால் சொல்ல முடியும்? அந்தச் சாக்கை ஏற்க வேண்டியதில்லை. விளம்பரப் பக்கம், பில், லேபிள், எரித்த நூல் எல்லாவற்றையும் படமெடுத்து, அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நூல்தானே, சில நூறு ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அக்ரிலிக்கை அக்ரிலிக் என்று சொல்லி விற்றால் யாருக்கும் மனக்குறை இல்லை, அது நல்ல நூல். கம்பளி விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பது ஏமாற்று.

தெருக்கடையில் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் காசு கொடுத்து ஒரு பீனி (குல்லா) பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, வாங்கினேன். எழுதியபடியே போட்டேன், குல்லா காதுவரை கூட வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (தஞ்சாவூர் கல்லூரி மாணவி)

பதில்: ஏமாற்று என்று சொல்வதற்கு முன் முதல் பக்கத்தைப் பாருங்கள் தங்கையே. அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா என்று இருக்கும். அமெரிக்காவில் சிங்கிள் என்பதை பிரிட்டனில் டபுள் என்பார்கள். அமெரிக்காவில் டபுள் என்பது பிரிட்டனில் டிரெபிள். நீங்கள் வாங்கியது அமெரிக்கப் பேட்டர்னாக இருந்து, பிரிட்டிஷ் முறையில் போட்டிருந்தால் ஒவ்வொரு கண்ணும் குட்டையாகி, குல்லாவும் குட்டையாகியிருக்கும். எந்த முறை என்று எங்குமே எழுதவில்லை என்றால் விற்றவரிடம் பணம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அது பேட்டர்னில் இருந்தே ஆக வேண்டிய தகவல்.

கேள்வி: அக்காவுக்கு கீமோ சிகிச்சை நடக்கிறது. முடி கொட்டிவிட்டது. தலையை மூடிக்கொள்ள நல்ல நிறத்தில் கோடு போட்ட குல்லா பின்னித் தர ஆசை. இந்த ஊர் வெக்கையில் உல்லன் ஒத்துக்கொள்ளுமா? (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: உல்லன் வேண்டாம். நாகப்பட்டினத்தில் மார்கழி, தையில்கூட அவ்வளவு குளிர் கிடையாது, கடற்காற்றின் ஈரத்தில் வியர்க்கும். முடி இல்லாத தலையில் கம்பளி குத்தும், அக்ரிலிக் புழுங்கும். பருத்தி நூல் வாங்குங்கள். வாங்கும் முன் உள்ளங்கையில் வேண்டாம், கழுத்தின் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், அங்கே உறுத்தாத நூல் தலையிலும் உறுத்தாது. எடை போட்டுத் தரும் கடை என்றால் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், நூல் சுற்றியிருக்கும் அட்டைக் குழலின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

பருத்திக்கு நெகிழ்வு குறைவு. அதனால் மன்னார்குடி அம்மாவுக்குச் சொன்னதுபோல் 4 சென்டிமீட்டர் குறைக்காதீர்கள், ஒன்றரை போதும். அளவை முடி கொட்டிய பிறகு புதிதாக எடுங்கள், முன்பிருந்ததைவிடக் குறைந்திருக்கும். பின்னும் முன் நூலில் கொஞ்சம் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். நிறத்தை அக்காவே தேர்ந்தெடுக்கட்டும்.

கோடு மாறும் இடத்து நுனிகளை முடிச்சுப் போடாதீர்கள், படுக்கும்போது அந்த முடிச்சு அழுத்தும். ஒவ்வொரு நுனியையும் 15 சென்டிமீட்டர் விட்டு, தையல் ஊசியில் கோத்து, அதே நிறக் கண்களுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டிவிடுங்கள். பின்னி முடித்ததும் உள்பக்கத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.