எஸ்எம்7பி மைக்கில் இரைச்சல்: 192 கிலோஹெர்ட்ஸ் இன்டர்ஃபேஸ் வாங்கினால் தீருமா?

வணக்கம். ஷூர் எஸ்எம்7பி மைக்ல கெயினை (மைக் சிக்னலைப் பெருக்குற அளவு) முழுசா திருகியும் குரல் கம்மியா இருக்கு, பின்னாடி 'உஸ்'னு இரைச்சல் வருது, 192 கிலோஹெர்ட்ஸ் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற கருவி) வாங்கினா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. ஆகாதுங்க. அந்த எண் ஒரு நொடியில ஒலியை எத்தனை தடவை அளக்குதுங்கிறதைச் சொல்லுது; அதுக்கும் இந்த இரைச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ்ல 24 பிட் (ஒவ்வொரு அளவோட துல்லியம்) வெச்சுப் பதிவு பண்ணினாலே தாராளம்.

எஸ்எம்7பி டைனமிக் மைக், அதுலயும் ரொம்ப பலவீனமா சிக்னல் தர்ற ரகம். 60 டெசிபெல் சுத்தமான கெயின் கேட்கும். நீங்க வெச்சிருக்கிற ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மூணாம் தலைமுறை இன்டர்ஃபேஸ்ல மொத்தமே 56 டெசிபெல் தான். அதே ஸ்கார்லெட்டோட நாலாம் தலைமுறை 2ஐ2 மாடல்ல 69 வரை போகும். அதனால பெட்டி மேல கெயின் ரேஞ்சைத்தான் முதல்ல பாருங்க. கிட்டாரும் வாசிக்கிறதா சொன்னீங்களே, ரெண்டு இன்புட் (மைக், கிட்டார் செருகுற இடம்) இருக்கிறதா எடுங்க. நான் ஒண்ணு போதும்னு வாங்கிட்டு, ஆறே மாசத்துல மாத்தினவன்.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க: மைக்கை வாய்க்கு நாலு விரல்கடை தூரத்துல வெச்சுப் பேசுங்க. ஒரு அடி தள்ளி உக்காந்திருந்தீங்கன்னா, பாதி இரைச்சல் அங்கயே காணாமப் போயிடும்.

பாடும்போது ஹெட்போன்ல குரல் தாமதமா கேட்டா, இன்டர்ஃபேஸ்ல இருக்கிற டைரக்ட் மானிட்டர் பட்டனை அமுக்கிடுங்க; குரல் கம்ப்யூட்டருக்குப் போய் வராம நேரா ஹெட்போனுக்கு வரும்.