டிக்கெட்டே இல்லாத விழாவுக்கு வி.ஐ.பி. டிக்கெட்!

கேள்வி: ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் மகன் வேலை பார்க்கிறான். செப்டம்பரில் நானும் மனைவியும் போகிறோம். அருகிலுள்ள பாட் டியூர்க்ஹைம் ஒயின் விழாவுக்கு 'வி.ஐ.பி. டிக்கெட், விசாவுக்கு அழைப்புக் கடிதம்' என்று ஒரு முகவர் தலைக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? மனைவி மது அருந்துவதில்லை. அவருக்கு அங்கே என்ன இருக்கிறது?
- வாசகர், கோவை

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வூர்ஸ்ட்மார்க்ட் எனப்படும் அந்த விழாவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. செப்டம்பரின் இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளையொட்டி நடக்கும் ஊர்த் திருவிழா அது. யார் வேண்டுமானாலும் மைதானத்துக்குள் நடந்து போகலாம். குடிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் ராட்டினம் ஏறுவதற்கும்தான் காசு. முகவரின் விளம்பரத்தில் ஒரு ராட்சதப் பீப்பாய் இருந்திருக்குமே? 1934இல் கட்டியது, 17 லட்சம் லிட்டர் கொள்ளளவு. உள்ளே இருப்பது ஒயின் அன்று, உணவகம்.

'அழைப்புக் கடிதம்' இதைவிட மோசமான ஏமாற்று. உறவினரைப் பார்க்கப் போகிறவரிடம் திருவிழாக் கடிதத்தை எந்தத் தூதரகமும் கேட்பதில்லை. மகனின் கடிதம், உங்கள் வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவைதான் முக்கியம். விசா கட்டணம் 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு உடனே தேதி வாங்குங்கள். தாமதித்தால் தேதிகளை வளைத்துப் போட்டு விற்கும் ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு மாதக்கணக்கில் கிடைக்காத தேதி, இவர்களுக்கு மட்டும் ஒரே இரவில் எப்படிக் கிடைக்கிறது? இதை யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

விழாவில் ஒயினைச் சிறு கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். குழிகள் பதித்த அரை லிட்டர் கண்ணாடி டம்ளர்தான் அந்த ஊர் வழக்கம். நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே டம்ளரைக் கைமாற்றிக் குடிப்பதும் உண்டு. நிதானமாகச் சுவைக்க விரும்பினால் மைதானத்திலேயே உள்ள 'வைன்டோர்ஃப்' (ஒயின் கிராமம்) பகுதிக்குப் போய் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைக் கேளுங்கள். அறுவடைக் காலம் என்பதால் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எழுதிக் கேட்காமல் எந்தத் தோட்டத்துக்கும் போய் நிற்காதீர்கள்.

உங்கள் துணைவியார் திராட்சைச் சாறு குடிக்கலாம். ஆனால் 'ஃபெடர்வைசர்' விஷயத்தில் கவனம் தேவை. கலங்கலாக, இனிப்பாக, சாறு போலவே இருக்கும். உண்மையில் அது நொதித்துக்கொண்டிருக்கும் புது ஒயின். தொடக்கத்தில் நான்கு சதவீதமாக இருக்கும் ஆல்கஹால் நாளுக்கு நாள் ஏறிப் பத்தையும் தாண்டிவிடும். 'இது வெறும் சாறுதான்' என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே நீட்டினாலும் வாங்க வேண்டாம். வாயு வெளியேற வேண்டும் என்பதால் அதன் புட்டியை இறுக மூடுவதில்லை. படுக்கவைத்தால் ஒழுகும், இறுக மூடினால் வெடிக்கும். ஊருக்குக் கொண்டுவரும் எண்ணமே கூடாது. அதோடு விற்கும் வெங்காயப் பணியாரத்தில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். சைவம் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாதாரண ஒயின் என்றால் சுங்கவரியின்றி ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம். புட்டிகளைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள்.

மகனைக் காரை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். மான்ஹைமிலிருந்து 4ஆம் எண் டிராம் பாட் டியூர்க்ஹைம் வரை போகிறது.