கானாவூரும் கடைசிப் பந்தியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் போன வாரம் பெரிய சண்டை. கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்தபோது இயேசு தண்ணீரிலிருந்து உண்டாக்கியது புளிக்காத திராட்சைச் சாறாகத்தான் இருக்க முடியும், போதை தருவதை தேவன் உண்டாக்கமாட்டார் என்றார் போதகர். அது மதுதான் என்று நான் சொன்னேன். அந்தக் காலத்தில் நல்ல தண்ணீர் கிடைக்காததால் எல்லோரும் அதைத்தான் குடித்தார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். "அப்போ நீயும் குடிப்பியா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். வேதத்தில் ஓரிடத்தில் திராட்சரசம் மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் பாம்பைப்போல் கடிக்கும் என்று இருக்கிறது. விருந்துகளில் அதற்கு என்னதான் அர்த்தம்? சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் அது ஏன் இயேசுவின் இரத்தத்துக்கு அடையாளம் ஆனது? நீங்கள் எழுதினால் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

(பெயர் வேண்டாம், அண்ணாச்சி.)

அன்புள்ள தம்பி,

வாசித்துக் காட்டாதீர்கள், சண்டை இன்னும் பெரிதாகும். நான் பதில் எழுதுவது உங்கள் கூட்டத்துக்காக இல்லை. கொஞ்ச நாளாக எஸ்தர் புத்தகத்தை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். விருந்தில் ஊற்றுகிறவர்கள் யார், வாங்கிக் குடிக்கிறவர்கள் யார் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

சாறா மதுவா என்பதை முதலில் முடித்துவிடுவோம். மது. அந்த நாட்டில் திராட்சை அறுப்பு கோடையின் கடைசியில். பாறையில் குடைந்த ஆலையில் காலால் மிதித்துச் சாறு இறக்குவார்கள். பழத்தோலில் இருக்கும் ஈஸ்ட் அந்த வெயிலில் சும்மா இருக்காது, ஓரிரு நாளில் நுரைக்க ஆரம்பித்துவிடும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் கொண்டாடும் பஸ்கா வருவது வசந்த காலத்தில், ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து. அதுவரைக்கும் காய்ச்சிப் பாகாக்கி வைக்கலாம். சாறாகவே வைத்திருப்பது லேசில்லை. 1869இல்தான் நியூஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் சாற்றைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கி, புளிக்காமல் நிறுத்தினார். திருவிருந்துக்காகத்தான் செய்தார். உங்கள் போதகர் மனதில் இருக்கும் திராட்சரசம் பெரும்பாலும் அந்தப் புட்டியிலிருந்து வந்தது. பந்திவிசாரிப்புக்காரன் என்ன சொல்கிறான்? நல்லதை முதலில் கொடுத்து, ஜனங்கள் குடித்துத் திருப்தியான பிறகு மட்டமானதை இறக்குவதுதான் ஊர் வழக்கம் என்கிறான். நாக்கு மரத்துப்போன பிறகு யாருக்குத் தெரியப்போகிறது என்ற அந்தக் கணக்கு சாற்றில் செல்லாது.

தண்ணீர்க் கதையையும் விட்டுவிடுங்கள். எருசலேமுக்கு கீகோன் ஊற்று இருந்தது. மலைநாட்டு வீடுகளில் பாறையை வெட்டிய தொட்டிகளில் மழைத்தண்ணீர் சேர்த்து வைத்தார்கள். திராட்சரசத்திலேயே தண்ணீர் கலந்து குடித்தார்கள். கலந்தால்தான் இனிமை என்று மக்கபேயர் இரண்டாம் புத்தகம் முடிகிற இடத்தில் இருக்கிறது. (கத்தோலிக்க வேதாகமத்தில் தேடுங்கள், உங்கள் வீட்டில் இருப்பதில் இருக்காது.) தண்ணீர் அவ்வளவு மோசம் என்றால் அதை எதற்குக் கலக்கப்போகிறார்கள்?

நீயும் குடிப்பியா என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். சங்கீதத்திலிருந்து ஒரு வரி, நீதிமொழிகளிலிருந்து ஒரு வரி. இரண்டையும் பிய்த்தெடுத்து எதிரெதிரே நிறுத்திவிட்டு அர்த்தம் என்ன என்று கேட்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வசனம் படித்தால் இப்படித்தான் ஆகும். விருந்து என்றால் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், தம்பி. அது யார் தோட்டத்துத் திராட்சை, ஊற்றுகிற கை யாருடையது, யாருக்கு வந்து சேரவில்லை என்று பாருங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

எஸ்தர் முதல் அதிகாரம். பெர்சியாவின் அகாஸ்வேரு ராஜா தன் ஐசுவரியத்தைக் காட்டுவதற்காக 180 நாள் பிரபுக்களுக்கு விருந்து வைக்கிறான். பிறகு சூசான் அரண்மனையில் இருந்த பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் 7 நாள். ஒன்றைப்போல் ஒன்று இல்லாத பொற்கிண்ணங்களில் ராஜாவின் திராட்சரசம் தாராளமாக வருகிறது. யாரையும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று கட்டளைகூட உண்டு. பார்த்தால் நம் ஊர் விருந்துகளைவிட மரியாதையான ஏற்பாடு. ஆனால் ஏழாம் நாள் களிப்பு ஏறியதும், ராணி வஸ்தியின் அழகை ஜனங்கள் பார்க்க வேண்டும், கிரீடத்தோடு கூட்டி வாருங்கள் என்கிறான். திரைச்சீலையைக் காட்டி, கிண்ணத்தைக் காட்டி முடித்தவனுக்குக் காட்ட மிச்சமிருந்தது அவள்தான். அவள் வரமாட்டேன் என்றாள். (இதைத்தான் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.) அதே புத்தகத்தின் கடைசியில் யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகை ஏற்படுகிறது. அங்கேயும் விருந்து உண்டு, ஆனால் அதோடு சேர்ந்த கட்டளை வேறு: ஒருவருக்கொருவர் வரிசை அனுப்ப வேண்டும், எளியவர்களுக்குத் தானம் செய்ய வேண்டும்.

பூரிம் என்றதும் யூத குருமாரின் பழைய நூலான தல்மூத்திலிருந்து கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரப்பா, செயிரா என்று இரண்டு குருமார் சேர்ந்து பூரிம் விருந்து சாப்பிட்டார்கள். போதையில் ரப்பா எழுந்து செயிராவை அறுத்தே விட்டார். மறுநாள் ஜெபம் பண்ணி உயிரோடு எழுப்பினார். அடுத்த வருஷம், "வாருங்கள், சேர்ந்தே கொண்டாடலாம்" என்று கூப்பிட்டாராம். ஒவ்வொரு தடவையும் அற்புதம் நடக்காது என்று சொல்லிவிட்டார் செயிரா. உங்கள் போதகருக்குப் பிடிக்கும், சொல்லுங்கள்.

சரி, ஆமோஸ் தீர்க்கதரிசிக்கு வருவோம். தெக்கோவாவில் ஆடு மேய்த்தவர், காட்டத்திப்பழம் பொறுக்கியவர். வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவின் பெரிய மனிதர்கள் தந்தக் கட்டிலில் சாய்ந்துகொண்டு பெரிய பாத்திரங்களில் மது குடிப்பதைப் பார்த்து எரிந்து விழுகிறார். குடியைத் திட்டுகிறார் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் அதிகாரத்தையும் படியுங்கள். அடகாக வாங்கிய துணியை விரித்துப் படுத்துக்கொண்டு, அபராதம் கட்டியவர்களின் மதுவைக் கோவிலிலேயே குடிக்கிறார்கள் என்கிறார். கடன் வாங்கினவனுடைய துணி, தண்டம் கட்டியவனுடைய மது. அவருக்கு வயிறு எரிவது அதற்காக. 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் சமாரியாவின் அரண்மனை வளாகத்தைத் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, ஏறக்குறைய ஆமோஸின் காலம். எல்லாம் சரக்குக் கணக்கு. எந்த வருஷம், எந்த ஊரிலிருந்து, யார் பேருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம், அல்லது ஒரு ஜாடி எண்ணெய். தந்தச் செதுக்கல்களின் துண்டுகளும் அந்த இடத்தில் கிடைத்திருக்கின்றன. திராட்சையை மிதித்தவனுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று எந்த ஓட்டிலும் எழுதவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் உபாகமம் 16. களமும் ஆலையும் நிறைந்த பிறகு வரும் கூடாரப் பண்டிகையில் சந்தோஷமாயிரு என்று சொல்லி, யார் யாரோடு என்றும் அடுக்குகிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. நம் அழைப்பிதழ்களில் வரும் 'சுற்றமும் நட்பும்' அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. நெகேமியாவைப் பாருங்கள். பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாக இருந்தவர், ஊற்றிக் கொடுத்த கை. எருசலேமில் வேதத்தைக் கேட்டு அழுத ஜனங்களிடம், கொழுமையானதைச் சாப்பிட்டு மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார். ஏசாயா 25இல் கர்த்தர் மலைமேல் வைக்கும் விருந்தில் வண்டல்மேல் ஊறித் தெளிந்த பழைய திராட்சரசம் வருகிறது. யாருக்கு? சகல ஜனங்களுக்கும். அர்த்தம் கேட்டீர்களே, இதுதான். கிண்ணத்தை நீட்டுகிற கை எப்படியோ அப்படித்தான் அதில் இருப்பதும். எரேமியா 25இல் கோபத்தின் கிண்ணத்தை நீட்டுவதும் அதே கர்த்தருடைய கைதான்.

நான் அடிக்கடி திரும்பிப்போகும் இடம் மிஷ்னா, யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு. கி.பி. 200 வாக்கில் தொகுத்தது. பஸ்கா ராத்திரிக்கு அதில் ஒரு சட்டம்: இஸ்ரவேலில் எவ்வளவு ஏழையும் சாய்ந்து உட்காராமல் சாப்பிடக் கூடாது. நாலு கிண்ணத்துக்குக் குறையாமல் அவனுக்குக் கொடுக்க வேண்டும், அவன் தருமச் சாப்பாட்டில் பிழைக்கிறவனாக இருந்தாலும். அந்தக் காலத்தில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவது எஜமானர்களின் முறை. அடிமைகள் நின்று பரிமாறுவார்கள். அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்ததைக் கொண்டாடும் ராத்திரியில், பிச்சை வாங்குகிறவனும் எஜமானைப்போல் சாய்ந்திருக்க வேண்டும், யாராவது அவனுக்கு ஊற்ற வேண்டும். ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பிவிட முடியாது. நாலு. இதை எழுதியவர்கள் பசித்தவன் கையில் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை.

எங்கள் அப்பா உபதேசியார். ஒரு துளி தொடமாட்டார், தொட்டவர்களை வீட்டுப்படி ஏற்றமாட்டார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் சபையில் ஒரு கல்யாணம். காலையில் போதகர் கானாவூரைத்தான் பிரசங்கித்தார், கல்யாணத்தில் வேறு எதைப் பிரசங்கிப்பார்கள்? மதியம் கடைசிப் பந்திக்குப் பாயசம் தீர்ந்துவிட்டது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் பந்தல் கட்டினவர்கள், விறகு பிளந்தவர்கள், பாத்திரம் கழுவின பெண்கள். பெண்ணின் அப்பா விறகுக் குவியல் பக்கம் போய் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சபைப் பெரியவர் ஒருவர் வந்து அவர் முதுகில் தட்டி, "விடுங்க, கடைசிப் பந்திதானே" என்றார். எங்கள் அப்பா அவரிடம் எதுவும் பேசவில்லை. பக்கத்து வீடுகளுக்கு ஆள் அனுப்பி வெல்லம் வாங்கிவரச் சொன்னார். பாயசம் வருகிறவரைக்கும் அந்தப் பந்தியை எழவிடவில்லை. கானாவூரைப்போல் முந்தினதைவிட ருசியாகவெல்லாம் இல்லை, அடிப்பிடித்திருந்தது. குடித்தார்கள்.

அதனால்தான் யோவான் இரண்டாம் அதிகாரத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒரு வரியில் நான் நின்றுவிடுகிறேன். சிம்சோனின் கல்யாண விருந்து ஏழு நாள் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் நடுவில் திராட்சரசம் தீர்ந்தால் அந்த வீட்டுக்காரன் எங்கே போய் நிற்பான்? அங்கே ஆறு கற்சாடிகள் இருந்தன, கை கால் கழுவிச் சுத்திகரிக்கும் தண்ணீருக்கு. மண்பாத்திரம் தீட்டுப்பட்டால் உடைக்க வேண்டும், கல்லுக்குத் தீட்டு இல்லை. நாசரேத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து இப்படிப் பாத்திரம் செய்த பட்டறைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாடியும் ஏறக்குறைய 80லிருந்து 120 லிட்டர். ஆறும் சேர்ந்தால் 500, 700 லிட்டர். ஏற்கெனவே குடித்திருந்த கூட்டத்துக்கு இவ்வளவு. சாறு என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடவே மாட்டார்கள், அதை விடுங்கள். அந்தத் தண்ணீரை யார் சுமந்தது? வேலைக்காரர்கள். விளிம்பு வரை நிரப்பினார்கள். மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் அவர்களே. பந்திவிசாரிப்புக்காரனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மணவாளனைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறான், செய்யாத வேலைக்கு. தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். தோள் வலிக்கத் தண்ணீர் எடுத்தவர்களுக்கு மட்டும் முதலில் தெரிந்த அற்புதம் அது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நல்ல சரக்கு, அவ்வளவுதான். நம் கல்யாணப் பிரசங்கங்களில் மணமகன், மணமகள், மரியாள், இயேசு எல்லாரும் வருவார்கள். இந்த வேலைக்காரர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. நாற்பது நிமிஷம் பேசுகிறவர்களுக்கு இவர்களுக்கு ஒரு நிமிஷம் கிடைக்காதா?

இரத்தத்தைப் பற்றிய கேள்விக்கு நான் வரவேயில்லை, தெரிகிறது. அதற்கு ஒரு வழிதான் சொல்வேன். கொரிந்து சபையில் திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாக இருந்தான், ஒருவன் போதையில் இருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அந்தச் சபைக்குக் கடிதம் எழுதிய பவுல் கத்துகிறார். இந்தப் பாத்திரம் என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்று இயேசு கிண்ணத்தைக் கொடுத்த ராத்திரியை அவர் அவர்களுக்கு ஞாபகப்படுத்துவது அந்தக் கோபத்தில்தான். உங்கள் சபையில் 1 கொரிந்தியர் 11ஐ 23ஆம் வசனத்திலிருந்து வாசிப்பார்கள். நீங்கள் 17இலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி